கடலூர், புதுவை இளங்கலை மாணவர்களுக்கு: வெளிநாட்டுப் படிப்பும் ஆய்வு வாய்ப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமை மதியம் லேப் முடிந்ததும் இரண்டு மூன்று பேர் தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். "மேம், வெளிநாட்டுல இன்டர்ன்ஷிப் போகலாமாம், நிஜமா?" என்று ஆரம்பிக்கும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பஸ் கட்டணத்தை எண்ணிச் செலவழித்துப் படிக்க வருகிற, வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

வெளிநாட்டு ஆராய்ச்சி என்றால் பி.எச்டி.க்குத்தானே? டிகிரி படிக்கும்போதே போக முடியுமா?

முடியும். மூன்று வழிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்ததும் முழு டிகிரியையும் அங்கேயே படிப்பது ஒன்று. இங்கே படித்துக்கொண்டே ஒரு செமஸ்டர் மட்டும் அங்கே போய்வருவது இன்னொன்று. கோடை விடுமுறையில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்புவது மூன்றாவது.

முதல் வழிக்குப் பணம் வேண்டும், அல்லது மிகப் பெரிய உதவித்தொகை வேண்டும். இரண்டாவது வழிக்கு உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். மூன்றாவதில் உங்கள் கையில் பணம் இல்லாவிட்டாலும் போய்வர முடியும். நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

பணம் யார் தருவார்கள்? சும்மா ஏன் தரவேண்டும்?

நல்ல மாணவர்கள் பின்னாளில் பி.எச்டி.க்குத் தங்களிடம் வரவேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதற்காக இப்போதே செலவழிக்கிறார்கள். தானம் செய்கிறார்கள் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

ஜப்பானில் ஒகினாவா தீவில் உள்ள ஓய்ஸ்ட் ஆய்வுப் பல்கலைக்கழகம் விமான டிக்கெட், தங்குமிடம், தினப்படி எல்லாம் தந்து மாணவர்களை எடுக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், விண்ணப்பம் முடியும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இஸ்டா நிறுவனத்தின் 'இஸ்டர்ன்ஷிப்' எந்த நாட்டு மாணவருக்கும் திறந்தது. சவூதியில் கௌஸ்ட் பல்கலைக்கழகம் மூன்று முதல் ஆறு மாதம் வரை எடுக்கிறது. அதற்கு மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் பன்னிரண்டு வாரத் திட்டம். அடுத்த கோடைக்கான விண்ணப்பம் முந்தைய செப்டம்பரிலேயே முடிந்துவிடுவது வழக்கம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், 'வைஸ்' என்ற பெயரில் இந்திய அறிவியல், பொறியியல் மாணவர்களை எடுக்கிறது. ஆனால் அது குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களின் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும். இயற்பியல், கணினி மாணவர்கள் ஜெனீவாவில் உள்ள துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்னின் கோடைத் திட்டத்தைப் பார்க்கலாம். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. ஆனால் மூன்று ஆண்டுப் படிப்பு முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள், ஆகவே பி.இ. நான்காம் ஆண்டுக்காரர்களுக்கும் எம்.எஸ்சி. மாணவர்களுக்கும்தான் பொருந்தும்.

பிரான்சுக்கென்றே சார்பாக் லேப் என்ற உதவித்தொகை இருக்கிறது. இந்தியாவில் இளங்கலையோ முதுகலையோ படிப்பவர், ஒரு பிரெஞ்சு ஆய்வகத்தில் ஒன்று முதல் மூன்று மாதம் வேலை செய்ய பிரெஞ்சுத் தூதரகம் தருவது. இதில் ஆய்வகத்தின் அழைப்புக் கடிதத்தை நீங்களே முதலில் வாங்கிவிட வேண்டும். பிறகுதான் விண்ணப்பம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் 'ஆர்.இ.யூ.' என்ற கோடைத் திட்டங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அமைப்பின் பணத்தில் நடப்பவை. அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதி முடித்த பிறகுதான் இந்த வரியைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறது. எந்தத் திட்டமானாலும் 'யார் விண்ணப்பிக்கலாம்' என்ற பத்தியை முதலில் படியுங்கள். தேதிகளும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பாதீர்கள்.

எங்க காலேஜ் பேரைக் கேட்டாலே யாருக்கும் தெரியாது. எங்களை எடுப்பார்களா?

வைஸ் போன்ற ஒன்றிரண்டு திட்டங்களில் கல்லூரியின் பெயர் பார்க்கிறார்கள். அங்கே நமக்குக் கதவு மூடியிருக்கிறது. மற்ற இடங்களில் விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியருக்குக் கடலூர்க் கல்லூரியும் தெரியாது, சென்னையின் பெயர்பெற்ற கல்லூரியும் பெரும்பாலும் தெரியாது. அவர் தேடுவது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை தானாக ஒரு கேள்வி எழுப்பி, அதற்கு விடை தேடி, தவறியதையும் சேர்த்து ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறதா?

என் மாணவி ஒருத்தி தேவனாம்பட்டினத்துக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். இரண்டாம் ஆண்டில் கெடிலம் முகத்துவாரத்து மணலில் வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் ஒரு சதுர மீட்டர் அளந்து, அதில் கிடைத்த பிளாஸ்டிக் துணுக்குகளைச் சல்லடையில் சலித்து எண்ணினாள். ஏழு மாதம். மழையில் நான்கு வாரம் விட்டுப்போனது, அதையும் நோட்டில் குறித்திருந்தாள். கருவி என்று சொன்னால் சல்லடையும் சமையலறைத் தராசும்தான். அந்த நோட்டின் பன்னிரண்டு பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பியதால்தான் ஓர் ஐரோப்பிய ஆய்வகம் அவளை எடுத்தது. விட்டுப்போன நான்கு வாரத்தை ஒளிக்காமல் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம் என்று அந்தப் பேராசிரியர் பிறகு அவளிடமே சொன்னார்.

எந்த புராஜெக்ட்டும் செய்யவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

நீங்கள் நிற்கும் இடத்திலேயே. இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, கரையோர மரங்கள் ஊரைக் காப்பாற்றினவா என்று ஆராய உலக விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த கடற்கரை நம் கடலூர் மாவட்டக் கடற்கரைதான். அந்தக் கட்டுரை 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம் இருக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நாட்டிலேயே பழைய கடல் ஆய்வு மையங்களில் அது ஒன்று. ஒரு கடிதம் எழுதி, உங்கள் துறைத்தலைவரின் கையெழுத்தோடு நேரில் போய்க் கேளுங்கள். மேல்நாட்டில் இருந்து ஆள் வருகிற இடத்துக்கு நமக்கு டவுன் பஸ் போகிறது.

புதுவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். 1980-களின் பிற்பாதியில் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டிய பின் வடக்கே மணல் போய்ச் சேராமல் கடற்கரை கரைந்தது. 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் செயற்கைத் திட்டு அமைத்த பின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியது. தினமும் காலையில் நீங்கள் நடக்கும் இடம், பொறியியல் மாணவர்களுக்குத் திறந்தவெளி ஆய்வகம். செயின்ட் லூயி தெருவில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சூழலியல் துறையும், உலர்த்திப் பதப்படுத்திய செடிகளின் தொகுப்பும் இருக்கின்றன, மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பதும் உண்டு. கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கோயில் காடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் அந்தச் சிறு காடுகள் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்ற அரிய வகையைச் சேர்ந்தவை. நாளை ஒரு நோட்டோடு போய் மரங்களை எண்ணத் தொடங்க யார் அனுமதியும் வேண்டாம், பூசாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த படி நாட்டுக்குள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்திட்டம் இரண்டு மாதம் சம்பளத்தோடு ஒரு விஞ்ஞானியிடம் அனுப்பும். நவம்பரில் விண்ணப்பம் முடிவது வழக்கம். சென்னை ஐ.ஐ.டி.யும் கோடையில் வெளி மாணவர்களை எடுக்கிறது. வெளிநாட்டு ஆய்வகம் கேட்கும் இரண்டு பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று இப்படிப்பட்ட இடத்தில் இருந்து வந்தால் அதன் எடையே வேறு.

பேராசிரியருக்கு மெயில் எப்படி எழுதுவது? நூறு பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை.

நூறு பேருக்கு அனுப்பியதால்தான் பதில் வரவில்லை. ஒரே மெயிலில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் படிப்பவருக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உன்னதமான ஆய்வைக் கண்டு வியந்தேன்' என்று நாம் மரியாதைக்காக எழுதுவதை அவர்கள் பாசாங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் நம் பழக்கத்தைக் கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது முழுக்கப் படியுங்கள். புரியாத இடம் இருக்கும், இருக்கட்டும். மெயிலின் முதல் வரியில் நீங்கள் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். அடுத்து அவருடைய கட்டுரையில் எந்த இடம் உங்கள் வேலையோடு ஒட்டுகிறது என்று இரண்டு வரி. 'நான் கெடிலத்தில் எண்ணியபோது கோடையில் துணுக்குகள் குறைந்தன, நீங்கள் எழுதியிருப்பதற்கு நேர்மாறாக' என்பது போல ஒரு குறிப்பான விஷயம். பிறகு எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும், எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பது. அவர் பணம் தரவேண்டியதில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், பதில் வரும் வாய்ப்பு கூடும். ஒரு பக்க சி.வி.யும் மதிப்பெண் பட்டியலும் இணைத்தால் போதும். எல்லாம் சேர்ந்து இருபது வரியைத் தாண்டக் கூடாது.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எழுதினால்தான் அடுத்த கோடைக்கு இடம் கிடைக்கும். மார்ச்சில் எழுதுகிறவர்களுக்கு விசாவுக்கே நேரம் இருக்காது.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் பேசவே பயமாக இருக்கிறது.

ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உங்களோடு வேலை செய்யப்போகிறவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களும் தேடித்தேடித்தான் பேசுவார்கள். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஆனால் பயத்தைத் தட்டிக்கொடுத்து விட்டுவிட முடியாது, பெரும்பாலான இடங்களில் வீடியோ நேர்காணல் உண்டு. நான் செய்யச் சொல்வது இது: உங்கள் புராஜெக்ட்டைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசி போனில் பதிவு செய்யுங்கள். கேட்டுவிட்டு மறுநாள் மறுபடி. முப்பது நாள். உலக விஷயம் எல்லாம் ஆங்கிலத்தில் பேச வேண்டாம், உங்கள் வேலையைப் பற்றி மட்டும் தடுக்காமல் பேசினால் போதும். கேள்வி புரியவில்லை என்றால் 'இன்னொரு முறை சொல்ல முடியுமா' என்று கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. புரியாமல் தலையாட்டுவதுதான் நேர்காணலைக் கெடுக்கும்.

கோடைப் பயிற்சிக்குப் பல இடங்களில் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வைக் கேட்பதில்லை, கல்லூரியில் ஆங்கிலவழியில் படித்தேன் என்ற சான்றிதழ் போதும். முழு டிகிரிக்குப் போவதென்றால் தேர்வு எழுதத்தான் வேண்டும். அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், ரொம்ப முன்னாலேயே எழுதிவிடாதீர்கள்.

புதுவையில் இருக்கிறேன். பிரெஞ்சு கற்றுக்கொண்டால் பிரயோஜனம் உண்டா?

உண்டு, எதற்காக என்று தெரிந்து கற்றால். ஆய்வகப் பயிற்சிக்கு ஆங்கிலமே போதும். அங்கே பிரெஞ்சு தெரிவது கடையில், பேருந்தில், மதியச் சாப்பாட்டு மேசையில் உதவும். அரசுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு வழியில் டிகிரி படிக்க வேண்டுமென்றால் பி2 என்ற மேல் இடைநிலை மொழித்திறன் வேண்டும். பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள் அதையே போதும் என்று நினைக்கிறார்கள். அது ஏ1 என்ற தொடக்க நிலையைக் கூட முழுமையாகத் தாண்டாது.

சுஃப்ரேன் தெருவில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-இல் தொடங்கியது. அங்கே மாலை வகுப்புகளும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வும் உண்டு. பிரான்சில் படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் காம்பஸ் பிரான்ஸ் அலுவலகமும் புதுவையிலேயே இருக்கிறது. சென்னைக்கோ பெங்களூருக்கோ பயணம் செய்யாமல் நேரில் கேட்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஜெர்மன் கற்க வேண்டுமென்றால் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே நிறுவனம்தான், ஆன்லைன் வகுப்பும் உண்டு.

எங்கள் குடும்பத்துக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறது. எனக்கு விதி வேறா?

முழுக்க வேறு. உங்களுக்கு விசா வேண்டாம், வெளிநாட்டவருக்கான அதிகக் கட்டணமும் கிடையாது. பிரெஞ்சுக் குடிமக்கள் முதலாண்டுச் சேர்க்கைக்கு பார்க்கூர்சுப் என்ற பிரெஞ்சு அரசின் சேர்க்கை இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்கிறார்கள், அதற்கான காலம் ஜனவரியில் தொடங்கும். தாத்தா வழியில் வந்த குடியுரிமையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு, பிள்ளை பத்தாவது படிக்கும்போதே துணைத் தூதரகத்தில் காகிதங்களைச் சரிபார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் எப்போது எடுக்க வேண்டும்?

இன்றைக்கு. எந்த விண்ணப்பமும் போடாவிட்டாலும் எடுத்து வையுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். 2018 முதல் இந்தியாவில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

இதில் நம் தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் 'ர. கவிதா', ஆதாரில் 'கவிதா ரங்கநாதன்', பாஸ்போர்ட்டில் வெறும் 'கவிதா' என்று மூன்று விதமாக இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் மூன்றுபேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது முதற்பெயர் அறியப்படவில்லை, என்று அச்சடிப்பார்கள். பிறகு அங்கே வங்கிக் கணக்கில், ஆய்வக அடையாள அட்டையில் எல்லாம் அதுவே உங்கள் பெயர். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே இனிஷியலை விரித்து அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுங்கள். அதே விதமாக மற்ற எல்லாவற்றிலும் இருக்கட்டும்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் எனக்கே நேர்ந்தது. எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு வெளிநாட்டு ஆய்வகத்தில் இரண்டு மாத வேலை கிடைத்தது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். பிரமாணப் பத்திரம், கெஜட் என்று அலைந்து காகிதம் சரியாவதற்குள் ஆறு வாரம் போய்விட்டது. இடம் வேறொருவருக்குப் போனது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஒரு அரியர் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

தேறிவிட்ட பழைய அரியர் என்றால் தாராளமாக. இன்னும் தேறவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.

ஒரு கன்சல்டன்சி எண்பதாயிரம் கட்டினால் வெளிநாட்டு ரிசர்ச் இன்டர்ன்ஷிப் உறுதி என்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

மேலே சொன்ன எந்தத் திட்டமும் இடம் தருவதற்கு மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. பணம் ஆய்வகத்தில் இருந்து உங்களை நோக்கி வரவேண்டும். உங்களிடமிருந்து போகக்கூடியது பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ் கட்டணம் மட்டும். பணம் கட்டினால் கிடைப்பது பெரும்பாலும் சுற்றுலாவும் ஒரு வண்ணச் சான்றிதழும். அந்தச் சான்றிதழைப் பார்க்கும் எந்தப் பேராசிரியரும் மதிக்கமாட்டார். போன ஆண்டு ஓர் அப்பா நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். பாதிதான் திரும்பி வந்தது. அவர் முன்னால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்ந்து வருவது 'ஐயாயிரம் கட்டினால் பதினைந்து நாளில் சர்வதேச இதழில் கட்டுரை' என்ற விளம்பரம். அதுவும் வேண்டாம். கட்டுரையே இல்லாத நேர்மையான நோட்டு, அப்படி வந்த பத்துக் கட்டுரையைவிட மேல்.

பிளஸ் டூ முடித்ததும் முழு டிகிரிக்கே போக நினைக்கிறேன். எந்த நாட்டில் செலவு குறைவு?

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கென்று ஆண்டுக்கு 11,904 யூரோவை மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். நம் பிளஸ் டூவை மட்டும் வைத்து நேராகச் சேர முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஓராண்டு கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது அங்கே 'ஸ்டூடியன்கோலெக்' என்ற ஓராண்டு முன்படிப்பு படிக்க வேண்டும். பாடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்.

பிரான்சில் 2019 முதல் வெளிநாட்டவருக்கு இளங்கலைக் கட்டணம் ஆண்டுக்கு 2,770 யூரோ என்று வைத்தார்கள், பிறகு சிறிது ஏறியிருக்கிறது. நம் ஊர்த் தனியார் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதிகம் என்று சொல்ல முடியாது. தங்குவதும் சாப்பிடுவதும்தான் செலவு.

அமெரிக்காவில் கட்டணம் மிக அதிகம். இருந்தாலும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள், வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சேர்க்கையை முடிவு செய்வதில்லை. எடுத்துவிட்டால் தேவையான முழுத் தொகையையும் அவர்களே தருகிறார்கள். போட்டி கடுமையோ கடுமை. பத்தாம் வகுப்பிலேயே தயாராகத் தொடங்கியவர்களுக்குச் சொல்கிறேன், முயன்று பாருங்கள்.

அரசு உதவித்தொகை, வங்கிக் கடன்?

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். இளங்கலைக்கு இல்லை. பட்டியலின மாணவர்கள் இவற்றை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இளங்கலை முடியும்போது கைகொடுக்கும். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். கோடைப் பயிற்சிக்காகக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நான் பி.ஏ. தமிழ். எங்களுக்கு இதில் இடம் உண்டா?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் இவர்கள்தான் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்கள். ஹாம்பர்க், பாரிஸ், பெர்க்கிலி பல்கலைக்கழகங்களில் தமிழ் ஆய்வு நடக்கிறது. அங்கே இருந்து ஆய்வாளர்கள் புதுவைக்கு வருகிறார்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. ஆசிய நாடுகளின் பண்பாட்டை ஆராயும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி என்ற நிறுவனத்தின் புதுவை மையத்தில் சங்க இலக்கியத்தை வரிவரியாகப் படிக்கும் கோடைக் கருத்தரங்கு நடக்கும்போது ஜெர்மன், பிரெஞ்சு மாணவர்கள் குறுந்தொகையோடு உட்கார்ந்திருப்பார்கள். நம் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டி கடற்கரைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

உங்களிடம் அவர்களுக்கு இல்லாதது இருக்கிறது: தாய்மொழியாகத் தமிழ், ஊர் வழக்கு, கோயில், கூத்து. நீங்கள் சேர்க்க வேண்டியது சுவடி வாசிப்பு, கொஞ்சம் வடமொழி எழுத்து, ஒரு ஐரோப்பிய மொழி. வரலாற்று மாணவர்களுக்கு அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானிய வணிகத்தின் காலக்கணக்கை அங்கிருந்துதான் நிறுவினார். அரியாங்குப்பத்துப் பிள்ளைக்கு அது வீட்டுக் கொல்லை.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்.?

அது தனி உலகம். நீட் தேர்ச்சி வேண்டும், குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நாட்டில் பன்னிரண்டு மாதப் பயிற்சி, ஆங்கிலவழி என்ற 2021 விதிகளுக்குப் பொருந்தாத கல்லூரியில் சேர்ந்தால் இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. இங்கேயே எம்.பி.பி.எஸ். படிப்பவர்கள் ஆய்வைத் தொட்டுப்பார்க்க, இந்திய மருத்துவ ஆய்வுக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் இரண்டு மாத மாணவர் திட்டத்தில் தொடங்கலாம்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும்?

ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்கு 90 நாள் வரை என்றால் குறுகிய கால விசா, 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டோடு. ஒரு நாள் கூடினாலும் நீண்ட கால விசா ஆகிவிடும், அதனால் தேதிகளை எண்ணிப் போடுங்கள். பிரான்சுக்கு நீங்கள், உங்கள் கல்லூரி, ஆய்வகம் மூவரும் கையெழுத்திடும் பயிற்சி ஒப்பந்தம் வேண்டும். நம் கல்லூரி அலுவலகங்களுக்கு அது புதிது, முதல்வர் கையெழுத்திடத் தயங்குவார். துறைத்தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் விளக்குங்கள், ஒரு மாதம் முன்பே.

ஒரே பெண். தனியாக எப்படி அனுப்புவது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அம்மா அப்பா கேட்பது நியாயம். அவர்களை எதிரியாக நினைத்துப் பேசினால் பேச்சு முறியும். அவர்களுக்கு வேண்டியது விவரம். எங்கே தங்குவாள், அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, லேபில் இருந்து அறைக்கு எத்தனை நிமிடம், உடம்புக்கு வந்தால் யாருக்குப் போன் செய்வது, அங்கே வேறு தமிழர் உண்டா? இதையெல்லாம் ஆய்வகத்திடம் கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். ஆய்வகத்தினர் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் தருவார்கள். பாரிஸ் பக்கம் என்றால் புதுவையில் எந்தத் தெருவில் கேட்டாலும் அங்கே ஓர் அத்தையோ மாமாவோ இருக்கிறார்.

தேவனாம்பட்டினத்து மாணவியின் வீட்டுக்கு நானே போனேன். அவளுடைய அப்பா இரண்டே கேள்வி கேட்டார். அங்கே குளிருக்கு என்ன செய்வாள் என்பது ஒன்று. திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்களா என்பது மற்றொன்று. போட்டிருக்கிறார்கள் என்று டிக்கெட்டைக் காட்டினேன். தேதியை அவர் விரலால் தொட்டுப் படித்தார், பிறகு உள்ளே திரும்பி, மேமுக்கு டீ போடச் சொன்னார்.